கலியமூர்த்தி டாக்டர் தேர்ந்தெடுத்த நாலாவது எஞ்சின்

காலை ஆறே முக்காலுக்குப் போன் வந்தது. திரையில் டாக்டரின் மனைவி பெயர். அவர் தானாக என்னைக் கூப்பிட்டதே கிடையாது, எதுவானாலும் டாக்டர்தான் பேசுவார். எடுத்ததும் அழுகைதான் கேட்டது. "அண்ணே, சீக்கிரம் வாங்கண்ணே" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "பாப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?" என்பதுதான்.

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்லண்ணே. அவ டூட்டில இருக்கா. அவங்கதான்... காப்பி குடிச்சிட்டு நாற்காலில உக்காந்தாங்க. அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல."

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். இருபத்திரண்டு வருட நண்பர் போய்விட்டார் என்று காதில் விழுந்த விநாடியில் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அவர் மகள் உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதி. தஞ்சாவூரில், டாக்டர் வீட்டுக்குப் போக ஒரத்தநாடு பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. எட்டு மாதமாக நான் ஒரு சாவுச் செய்திக்குப் பயந்துகொண்டிருந்தேன். வந்தது வேறொருவருடையது.

அந்தப் பயத்தைச் சொல்லாமல் கலியமூர்த்தி டாக்டருக்கு என்னால் அஞ்சலி எழுத முடியாது. உங்களில் பலருக்கு அவர் மாட்டு டாக்டர். ரிட்டையர் ஆன பிறகும் கன்று புரளாத மாட்டுக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிய மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு மாடிக்கு வந்து 'மேசை'யைப் பார்த்தவர்களும் சிலர் இருப்பீர்கள். பதினாறடி நீளப் பலகையின் மேல் நன்னிலம் ஸ்டேஷன், இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல், ஒரு வாய்க்கால், அதற்கொரு மதகு. எல்லாம் நிஜத்தில் இருப்பதில் எண்பத்தேழில் ஒரு பங்கு. அதில் ரயில் ஓடும்.

கட்டியவர்கள் மூன்று பேர். எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதும் பிளாஸ்டிக் தகடு வெட்டி உடம்பு செய்வதும் டாக்டர். மோட்டாரும் சக்கரமும் காதர் பாய். நாகூரில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். நான் நில அளவையில் புலப்படம் வரைந்து ஓய்வு பெற்றவன், ஆகவே எழுத்து வேலை எனக்கு. எஞ்சினின் பக்கவாட்டில் மூன்று முடி மட்டும் விட்ட தூரிகையால் நான் எண்ணை எழுதி முடித்தால் எஞ்சின் பிறந்துவிட்டது என்று கணக்கு. டாக்டர் உடனே கீழே குரல் கொடுத்துக் காப்பி சொல்வார்.

எந்த எஞ்சினைச் செய்வது என்பது ஒவ்வொரு தடவையும் மூன்று நாலு மாதம் இழுக்கும் சண்டை. கடையில் அழகழகாக ஜெர்மன் எஞ்சின் கிடைக்கிறதே, வாங்கி ஓட்டலாமே என்று ஒரு பார்வையாளர் கேட்டார். "நன்னிலத்துக்கு ஜெர்மன்காரன் எதுக்குங்க வரான்? கொள்முதல் நிலையத்துல நெல் போடவா?" என்றார் டாக்டர். எங்கள் பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடியதாக இருக்க வேண்டும். எங்கள் மூவரில் ஒருவராவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும். முக்கியமாக, அந்த ரகத்தில் ஏதோ ஒன்று என்றால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். இன்ன எண்ணுள்ள இன்ன எஞ்சின் என்று சுட்டிக் காட்ட வேண்டும்.

"பொதுவா எஞ்சின்னு ஒண்ணு கிடையாது சர்வேயர். பொதுவா மாடுன்னு ஒண்ணு உண்டா? இடது கொம்பு வளைஞ்சு, நெத்தில சுட்டி, வால்ல வெள்ளக் குஞ்சம். அந்த மாடுதான் உண்டு."

மாட்டுக்கு இன்சூரன்ஸ் போடுவதற்கு அங்க அடையாளம் எழுதும் படிவம் ஒன்று இருக்கிறது. அதே மாதிரி ஒரு தாளை ஒவ்வொரு எஞ்சினுக்கும் அவர் நிரப்புவார். நிறம், வயது, வலது கன்னத்தில் நசுங்கல், பின்பக்கக் கம்பி வலையில் ஒட்டுப் போட்ட இடம். தஞ்சாவூர் ரயிலடியில் பிளாட்பாரம் முடியும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, பால் மடியைப் பார்க்கிறவர் மாதிரி எஞ்சினின் அடிவயிற்றைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார். ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் இரண்டு தடவை விசாரித்துவிட்டு, மூன்றாவது தடவை தன் வீட்டு எருமைக்கு மருந்து கேட்டுக்கொண்டு போனார்.

முதலில் செய்தது ஒரு மீட்டர்கேஜ் டீசல். நாங்கள் மூவருமே அது இழுத்த வண்டியில் போயிருக்கிறோம். எங்கோ வடக்கே அனுப்பிவிட்டார்கள், அங்கே இன்னும் ஓடுகிறது என்று கேள்வி. நான் எண் எழுதிய அடுத்த மாதம் அது துண்டு துண்டாக வெட்டிக் கிடக்கும் போட்டோ காதர் பாயின் போனுக்கு வந்தது. வருத்தப்பட்டோம், அவ்வளவுதான். இரண்டாவது, யார்டில் பெட்டிகளை இங்குமங்கும் தள்ளிக்கொண்டிருந்த ஒரு கிழட்டு டீசல். எண் எழுதி மூன்று வாரத்தில் அதிலிருந்து புகை வந்தது. வேறொரு எஞ்சின் வந்து இழுத்துக்கொண்டு போனது. பிறகு அது திரும்பவில்லை. அன்றைக்குக் காதர் பாய் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

மூன்றாவது பாயின் தேர்வு. தர்கா கந்தூரிக் கூட்டத்தை நாகூருக்கு இழுத்துக்கொண்டு வரும் டீசல். நான் எண் எழுதிய பத்தாம் நாள், அறுப்பு முடிந்த வயலில் மேய்ந்துவிட்டுத் தண்டவாளத்தைக் கடந்த ஒரு வாத்துக் கூட்டத்துக்குள் அது புகுந்தது. ஸ்டேஷனில் வந்து நின்றபோது பாய் பிளாட்பாரத்தில் இருந்தார். எஞ்சினுக்கு முன்னால் கீழே வரிசையாக இரும்புக் கம்பி இருக்கும். டாக்டர் இரண்டு மாதம் உட்கார்ந்து ஊசி ஊசியாக வளைத்தது அந்தக் கம்பிகளைத்தான். நிஜ எஞ்சினில் அந்த இடமெல்லாம் இறகும் ரத்தமும் ஒட்டியிருந்ததாம். வாத்துக்காரர் தண்டவாளத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம். அதற்குப் பிறகு மேசையில் இருந்த அந்த எஞ்சினைத் தூசி தட்டக்கூட எங்களுக்குக் கை வரவில்லை. தனியாக இருக்கும்போது நான் என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினேன். மூன்றுக்கும் எண் எழுதியவை அவைதானே.

"டாக்டர், கோவிச்சுக்காதீங்க" என்று பாய்தான் வாயைத் திறந்தார். "இனிமே உசிரோட ஓடுற எஞ்சினுக்கு நம்பர் போட வேணாம். கழிச்சுக் கட்டுனதாப் பாத்து செய்வோம்."

டாக்டர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"கெழடாப் பாத்துப் பாத்துத்தானே எடுக்கறோம் பாய்? கெழடு சாகத்தான் செய்யும். அதுக்கு நாம கை வச்சதா காரணம்?"

அன்றைக்குத்தான் தம் முதல் போஸ்டிங் கதையைச் சொன்னார். சொந்த ஊர் நன்னிலம் பக்கம். வயல் கூலிக்குப் போன குடும்பங்களின் தெருவிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய் டாக்டராகத் திரும்பியவர் அவர். "பச்சிலை, மந்திரிச்ச கயிறு எல்லாம் முடிஞ்சு, மாடு காலை நீட்டின பொறவுதான் என்னைக் கூப்பிடுவாங்க. கடைசியாக் கூப்பிட்டா கடைசியாத்தானே இருக்கும்? நாலு மாடு போச்சு. கைராசி இல்லாத டாக்டர்னு பேர் வச்சிட்டாங்க." பிறகு ஒரு பண்ணை வீட்டில் தலைச்சன் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. கையை விட்டுத் திருப்பினால் இரண்டும் பிழைக்கும். மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை வாசலில் நின்றிருக்கிறார். தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பசு கத்துவது வாசல் வரை கேட்டிருக்கிறது. பிறகு கேட்கவில்லை.

"கைராசின்னு வாயில சொன்னாங்க. மனசுல இருந்தது வேற. நான் எந்தத் தெருன்னு அவங்களுக்குத் தெரியுமே."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, அரத்தைப் பார்த்தார். நான் அந்தப் பண்ணை வீடு மாதிரி ஒரு வீட்டில் பிறந்தவன். நிலமெல்லாம் போய் நாங்கள் உத்தியோகத்துக்கு வந்துவிட்டோம், ஆனாலும் பிறந்தது அங்கேதான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

அந்த வருஷம்தான் அவர் மகள் நிவேதாவுக்கு ரயில்வேயில் உதவி ஓட்டுநர் வேலை கிடைத்தது. பயிற்சி முடிந்து முதல் டூட்டி அன்று, மின்சார எஞ்சினின் கதவுப் படியில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். மகள் முகத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு முன் எஞ்சின் எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்த தகப்பனை நான் அன்றுதான் கண்டேன்.

"நாலாவது இதுதான்" என்றார். "கெழடு இல்ல, புதுசு. என் பொண்ணு ஏறுன எஞ்சின். இதுக்கு நம்பர் எழுதி, ஒண்ணும் ஆகலன்னா அப்பவாவது உங்க ரெண்டு பேருக்கும் புத்தி வருதான்னு பாக்கறேன்."

"வேற எஞ்சினே கெடைக்கலியா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார் பாய். ஆனாலும் மோட்டாரைச் செய்து கொடுத்தார். டாக்டர் அதுவரை செய்ததிலேயே அழகான உடம்பு அது. கூரையில் மின்கம்பியைத் தொடும் கை கூட மடங்கி விரிந்தது. ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண் எழுதப் போனேன். மாடிப்படிக்குக் கீழே அவர் மனைவி நின்றிருந்தார்.

"அண்ணே, அந்த நம்பரை மட்டும் எழுதாதீங்கண்ணே. ஆடி மாசம் வேற. அவங்ககிட்ட சொன்னா கத்துவாங்க. நீங்க எழுதுனாத்தானே நம்பர்?"

நான் தலையாட்டினேன். மேலே போய் உட்கார்ந்து, டாக்டர் எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதினேன். ஐந்து இலக்கம். கடைசி எண் மூன்று. அதை எழுதியதும் கை நிற்கவில்லை. மூன்றின் திறந்திருந்த இடப்பக்கத்தைக் கோடிழுத்து மூடினேன். மூன்று எட்டாயிற்று. காப்பி வந்தது, குடித்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த ஞாயிறு அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. பூதக்கண்ணாடியை நீட்டினார்.

"முப்பது வருஷம் புல எண் எழுதுன கை. ஒரு எண் தப்புனா ஒருத்தன் நெலம் இன்னொருத்தன் பேருக்குப் போயிடும்னு நீங்கதான் எனக்குச் சொன்னீங்க. இது தெரியாம எழுதுனது இல்ல."

அவர் மனைவி கேட்டுக்கொண்டதை நான் அவரிடம் சொல்லவில்லை. இப்போது எழுதுவது, அந்த அம்மாவே என்னை எழுதச் சொன்னதால்தான்.

"எட்டுல முடியற எஞ்சினும் ஒண்ணு இருக்கு சர்வேயர். தேடிப் பாத்தேன், தெனம் ஓடுது. அதுலயும் ரெண்டு பேர் உக்காந்துதான் போறாங்க. அவங்களும் யாரோ வீட்டுப் பிள்ளைங்கதானே? ஒண்ணு, இதை நம்பக் கூடாது. நம்புனீங்கன்னா, எங்க வீட்டுச் சாவை எடுத்து இன்னொருத்தர் வீட்டு வாசல்ல வச்சிட்டு வந்திருக்கீங்க."

அதுவரை என் புத்திக்கு அது எட்டவே இல்லை. எட்டு என்பது எனக்கு வெறும் எட்டாகத்தான் இருந்தது. அவர் இன்னும் ஒன்று சொல்ல வந்தார். "நீங்களுமா சர்வேயர், நான் தொட்டா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். பஞ்சில் தின்னரைத் தொட்டு அந்த எட்டைத் துடைத்தார். மற்ற நாலு எண்ணும் கலையாமல், அது மட்டும் போயிற்று.

"மூணு. நீங்கதான் எழுதணும். அது வரைக்கும் எடம் காலியா இருக்கட்டும்."

நான் எழுதவில்லை. முதல் வாரம் கண் சரியில்லை என்றேன். அடுத்த வாரம் புரை என்றேன், கண் டாக்டர் ஆபரேஷன் சொல்கிறார் என்றேன். எல்லாம் பொய். நாலு எண்ணும் ஒரு பொத்தலுமாக அந்த எஞ்சின் நன்னிலத்துக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கேட்டால், "சர்வேயருக்குக் கண் நேரானதும் எழுதுவார்" என்பார் டாக்டர். குத்தலே இருக்காது அந்தக் குரலில்.

ஐப்பசியில் மழை நாலு நாள் விடவில்லை. சம்பா நாற்று முழுக்கத் தண்ணீருக்கடியில். வெண்ணாறு கரை தொட்டு ஓடுகிறது என்றார்கள், ரயில்கள் நின்று நின்று போவதாகச் செய்தியில் ஓடியது. மத்தியானம் நான் போனபோது டாக்டர் மேசைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் போன். நிவேதா காலையிலேயே வண்டி ஏறியிருந்தாள். எஞ்சினில் இருக்கும்போது போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி. மூன்று மணி நேரமாக எந்தத் தகவலும் இல்லை. கீழே அவர் மனைவி சாமி விளக்கை ஏற்றிவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்திருந்தார். மழைத் தண்ணீர் ஜன்னல் வழியாக வந்து மேசையில் எங்கள் வாய்க்காலுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே அதைத் துடைக்கவில்லை.

"நம்பிக்கை இல்ல சர்வேயர்" என்றார், திரும்பாமலே. "ஆனா பயமா இருக்கு. ரெண்டும் வேற வேற போல."

அவர் தோளைத் தொட வேண்டும் போலிருந்தது. தொடவில்லை. நாலரை மணிக்குப் போன் அடித்தது. "அப்பா, இறங்கிட்டேன்பா. டீ குடிக்கறேன்." டாக்டர் போனை வைத்துவிட்டு, கழுவித் துடைத்த தூரிகையை எடுத்து என் பக்கம் தள்ளினார். "எழுதிட்டுப் போங்களேன்" என்றார். அடுத்த வாரம் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னைக் கேட்கவே இல்லை. நான் போகும்போதெல்லாம் தூரிகை மட்டும் என் நாற்காலிக்கு எதிரே சுத்தமாக இருக்கும். அப்படியே கார்த்திகை, மார்கழி, தை, மாசி எல்லாம் போய், பங்குனியில் அந்தக் காலைப் போன் வந்தது.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, சாப்பாடும் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு நிவேதா என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். மேசை மேல் துணி மூடியிருந்தது. அதை விலக்கி, தன் எஞ்சினைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அங்கிள், அப்பா ஏன் இதுல ஒரு நம்பரை விட்டுட்டாங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். வாத்து, கைராசி, எட்டு, கண் புரை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஈரக் கண்ணோடு சிரித்தாள்.

"அந்த எஞ்சின்ல நான் அந்த ஒரு நாள்தான் அங்கிள் போனேன். அதுக்கப்புறம் அதைக் கண்ணால பாத்ததுகூட இல்ல. எங்களுக்குன்னு தனியா எஞ்சின்லாம் கிடையாது. டூட்டிக்குக் கையெழுத்துப் போடற வரைக்கும் எது வரும்னு எங்களுக்கே தெரியாது."

"இது அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? இன்னிக்கு எந்த எஞ்சின்னு தெனம் கேட்டு எழுதி வச்சிப்பாங்களே. ஐப்பசி மழைல நான் போனதுகூட வேற எஞ்சின்தான்."

அந்த மழை மத்தியானத்தில் அவர் பயந்தது எண்ணுக்கு இல்லை. வெள்ளத்துக்குப் பயந்தார், பெற்றவர் பயப்படுகிற மாதிரி. மகள் இப்போது அந்த எஞ்சினில் ஏறுவதே இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே மூன்றை எழுதியிருப்பேன். பயம் விட்டுப்போய் எழுதியிருப்பேன். அது அவருக்குத் தேவைப்படவில்லை. பயத்தோடேயே, அவரை நம்பி, நான் எழுத வேண்டும் என்று காத்திருந்தார். ஒரு காலத்தில் ஒரு வீட்டு வாசலில் மத்தியானம் முழுக்க நின்ற மனிதர், தம் வீட்டு மாடியில் எனக்காக எட்டு மாதம் காத்திருந்திருக்கிறார். நானும் உள்ளே விடவில்லை.

"எழுதுங்க அங்கிள்" என்றாள் நிவேதா. தூரிகை இருந்த இடத்திலேயே இருந்தது. எழுதினேன். மூன்றின் வால் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. டாக்டர் பார்த்திருந்தால் துடைத்துவிட்டு மறுபடி எழுதச் சொல்லியிருப்பார். அவள் இருக்கட்டும் என்றாள். மறுநாள் அவளுக்கு டூட்டி.

எஞ்சினும் மேசையும் அந்த வீட்டிலேயே இருக்கின்றன, காதர் பாய் வந்து எண்ணெய் விட்டுவிட்டுப் போகிறார். எனக்கென்று அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். இத்தனை வருடம் ரயிலடியில் நின்று எஞ்சினைப் பார்த்தவன் நான். சக்கரம் பார்ப்பேன், கம்பி வலை பார்ப்பேன், எண்ணைப் படிப்பேன். ஜன்னலைப் பார்த்ததில்லை. இப்போது எண்ணைப் படித்ததும் தலையைத் தூக்குகிறேன். உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியாது, வீடு போய்ச் சேர்ந்தார்களா என்பதும் எனக்குத் தெரியப்போவதில்லை. கையை உயர்த்துகிறேன். கடைசிப் பெட்டி கடந்து போகிறவரை இறக்குவதில்லை.